நெஞ்சில் அறையும் காற்று: வாசகர் கேள்வி-பதில்

ஆனி பிறந்தாலே கடிதங்களிலும் காற்று வீசத் தொடங்கிவிடுகிறது. பழைய வண்டியை விற்க மனம் வராதவர்கள், அதையே நெடுஞ்சாலையில் ஓட்டிப் போய்த் தோள் வலியோடு திரும்புகிறவர்கள், ஹேண்டிலில் காற்றைத் தடுக்கும் ஃபேரிங் ஒன்று மாட்டினால் தீருமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்கே.

என்னுடையது 1994 மாடல் ஆர்எக்ஸ் 100. வாரம் ஒருமுறை மதுரையிலிருந்து திருச்சி போய் வருகிறேன். 80-ஐத் தொட்டால் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கிறது. வயது 52. வயதுக் கோளாறா, காற்றுக் கோளாறா? ஃபேரிங் மாட்டினால் பலன் தருமா?
— வாசகர், மதுரை

காற்றுதான். உங்கள் வயதை இதில் இழுக்காதீர்கள்.

நெஞ்சும் வயிறும் சேர்ந்து காற்றுக்குக் காட்டுகிற பரப்பு சுமார் 0.3 சதுர மீட்டர் என்று வையுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மேல் விழும் விசை சுமார் 5 கிலோ. 80-ல் 9 கிலோ. 100-ல் 14 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். 40-ல் தென்றலாக இருந்தது 80-ல் ஆளைத் தள்ளுவது இதனால்தான்.

மதுரை-திருச்சி 135 கிலோமீட்டர். 80-ல் போனால் ஒன்றே முக்கால் மணி நேரம், 9 கிலோ அரிசிப் பையை நெஞ்சில் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்னால் சாயாமல் இருக்க ஹேண்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறீர்கள். தோள், கழுத்து, மணிக்கட்டு மூன்றும் வலிக்காமல் என்ன செய்யும்? அந்தப் பையில் பாதியை வண்டி வாங்கிக்கொண்டாலே வித்தியாசம் பெரிது. நெஞ்சை மட்டும் மறைக்கிற சின்ன ஃபேரிங் அதைச் செய்யும்.

ஆனால் ஆர்எக்ஸ் 100 லேசான வண்டி. 98 சிசி, எடை 100 கிலோவை ஒட்டி. முன்பக்கம் இறகு மாதிரி இருப்பதுதான் அந்த வண்டியின் சுகமே. அதில் ஒன்றரை கிலோவுக்கு மேல் எதையும் ஏற்ற வேண்டாம். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

ஹேண்டிலில் மாட்டுவது, பிரேமில் மாட்டுவது என்று இரண்டு வகை சொல்கிறார்களே, காற்றுக்கு எல்லாம் ஒன்றுதானே?
— வாசகர், தஞ்சாவூர்

காற்றுக்கு ஒன்றுதான். உங்கள் கைக்கு ஒன்றில்லை.

தெருவில் நிற்கும் பழைய பல்சர் ஒன்றின் ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். 2003-ல் வந்த டிடிஎஸ்-ஐ மாடல் பல்சரில் ஹெட்லைட்டைச் சுற்றி ஒரு சின்ன மூடி உண்டு. அது ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். அதே ஆண்டு வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவைத் திருப்பிப் பாருங்கள். ஹேண்டில் மட்டும்தான் திரும்பும். ஃபேரிங்கும் ஹெட்லைட்டும் பிரேமோடு அசையாமல் நேரே பார்த்துக்கொண்டிருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் ஓட்டத்தில் அது பெரிய வித்தியாசம்.

கதவை ஓரத்தில் பிடித்து ஆட்டுங்கள், பிறகு கீல் பக்கம் பிடித்து ஆட்டுங்கள். எங்கே எடை தொங்குகிறது என்பதைப் பொறுத்தே கதவு நடந்துகொள்ளும். ஹேண்டிலுக்குக் கீல் என்பது டி-ஸ்டெம். அதிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி 1 கிலோ வைத்தால் ஒரு பங்கு மந்தம். அதே 1 கிலோவை 30 சென்டிமீட்டர் முன்னால் வைத்தால் மூன்று பங்கு இல்லை, ஒன்பது பங்கு. அதனால்தான் எடை எவ்வளவு என்று கேட்பதோடு, எவ்வளவு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் கேளுங்கள்.

பெரிய கம்பெனிகளும் இந்த இரண்டு வழியிலும் நடந்து பார்த்தவைதான். 1973-ல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்90எஸ் வண்டியில் ஃபோர்க்கோடு திரும்பும் சின்ன ஃபேரிங். மூன்றே ஆண்டில், 1976-ல், ஆர்100ஆர்எஸ் வந்தபோது காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செதுக்கிய பெரிய ஃபேரிங்கை பிரேமில் கட்டினார்கள். பெரிது என்றால் பிரேம், சின்னது என்றால் ஹேண்டில் என்ற கணக்கு அப்போதே தெளிவாகிவிட்டது. ஹார்லி டேவிட்சன் 1969-லிருந்து எலக்ட்ரா கிளைடில் வௌவால் சிறகு போன்ற பெரிய ஃபேரிங்கை ஃபோர்க்கிலேயே வைத்திருக்கிறது. உண்மைதான். ஆனால் அந்த வண்டியின் எடை 300 கிலோவுக்கு மேல். நம்முடைய வண்டிகள் அந்தக் கனத்தைத் தாங்கப் பிறந்தவை இல்லை.

ஆக, ஹேண்டிலில் மாட்டுகிற எதுவும் ஸ்டியரிங்கின் ஒரு பாகமாகிவிடுகிறது. இந்தப் பக்கத்தில் இன்று நான் சொல்கிற எல்லாமே இந்த ஒரு வரியிலிருந்து வருவதுதான்.

மைலேஜ் கூடுமா?
— வாசகர், ஈரோடு

கூடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நிமிர்ந்து நிற்கிற கண்ணாடி காற்றை உங்களுக்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்கிறது. வண்டி மொத்தமாக வாங்கும் காற்று பெரிதாகக் குறைவதில்லை. அகலமான விண்ட் ஷீல்டு என்றால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் குறையக்கூடச் செய்யும். இந்தச் செலவு பெட்ரோலுக்காக இல்லை, தோளுக்காக.

என்னுடையது பழைய காஸ்ட் அயர்ன் புல்லட். வைசர் மாட்டிய நாளிலிருந்து 70 வந்தால் ஹேண்டில் அலம்புகிறது. கழற்றினால் சரியாகிவிடுகிறது. வைசரைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?
— வாசகர், விருதுநகர்

பொறுங்கள். வைசர் காட்டிக்கொடுத்திருக்கிறது. குற்றம் வேறு இடத்தில் இருக்கலாம்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். எஞ்சினுக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். முன்னால் உட்கார்ந்து ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடியில் பிடித்து, உங்களை நோக்கி இழுத்து, தள்ளிப் பாருங்கள். 'டக்' என்று கைக்குள் ஒரு தட்டல் கேட்டால் கோன் செட்டில் பிளே இருக்கிறது. அடுத்து ஹேண்டிலை ஒரே ஒரு விரலால், மெதுவாக, இடதிலிருந்து வலதுக்குத் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்தது போலச் சற்று நின்று பிறகு நகர்ந்தால், பால் ரேஸில் குழி விழுந்திருக்கிறது. 30 வருடம் நேர்சாலையில் ஓடிய வண்டியில் குண்டுகள் ஒரே இடத்தில் இடித்து இடித்துத் தங்களுக்குப் படுக்கை செய்துகொண்டிருக்கும். டைட் வைத்தால் தீராது. செட்டை மாற்றுங்கள்.

பிறகு முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் பக்கவாட்டில் ஆடுகிறதா பாருங்கள். ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுகியது 'டிங்' என்று சொல்லும், தளர்ந்தது 'டொக்' என்று சொல்லும். டயரில் காற்று சரியா, இரண்டு ஷாக்கிலும் ஆயில் ஒரே அளவா, பின்னால் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கிறதா, எல்லாவற்றையும் பாருங்கள். பின் புஷ் தேய்ந்திருந்தால் ஹேண்டிலில் தெரியும். நிறைய பேர் முன்னாலேயே தேடிக் களைத்துப்போவது இதனால்தான்.

இந்த அலம்பல் நொடிக்கு 4 முதல் 10 தடவை வரை வரக்கூடியது. பழைய வண்டியில் இருக்கிற சின்னச் சின்னத் தளர்ச்சிகளை வெறும் ஹேண்டில் பொறுத்துக்கொண்டிருந்தது. எடையும் காற்றும் சேர்ந்ததும் பொறுமை போய்விட்டது. இவ்வளவும் சரிசெய்த பிறகும் அலம்பினால், அப்போது அந்த வைசர் உங்கள் வண்டிக்குப் பெரியது. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஓட்டும்போதே அலம்பல் வந்துவிட்டால் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஆக்சிலரேட்டரை மெதுவாகக் குறையுங்கள். முழங்கால் இரண்டாலும் டேங்கைக் கவ்வுங்கள். ஹேண்டிலோடு மல்லுக்கட்டாமல், நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் எடையை முன் சக்கரத்துக்குக் கொடுங்கள். வேகம் இறங்க இறங்க அடங்கும்.

அலுமினிய கிளாம்ப், இரும்பு கிளாம்ப், எது நல்லது? கடையில் எல்லா வண்டிக்கும் ஒரே கிளாம்ப்தான் என்று கொடுக்கிறார்கள்.
— வாசகர், கோவில்பட்டி

எந்த உலோகம் என்பதைவிட எந்த அளவு என்பதே கேள்வி. புல்லட், ஆர்எக்ஸ், யெஸ்டி, ஸ்பிளெண்டர் என்று நம்முடைய பெரும்பாலான பழைய வண்டிகளின் ஹேண்டில் குழாய் 22 மில்லிமீட்டர். வெளிநாட்டுக் கனரக வண்டிகளுக்கு வருகிற கிளாம்ப் 25 மில்லிமீட்டர். கடைக்காரர் நடுவில் ஒரு ட்யூப் துண்டைச் சுற்றி 'டைட்டா உட்கார்ந்துடுச்சு' என்பார்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் புல்லட்டில் அப்படி ஒரு கிளாம்பை மாட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கயத்தாறு தாண்டியதும் எதிரே ஒரு டேங்கர் லாரி. அது வீசிய காற்றில் ஃபேரிங் அப்படியே முன்னால் கவிழ்ந்து, அதன் அடி விளிம்பு வந்து பிரேக் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் செருகிக்கொண்டது. லீவர் பாதிக்கு மேல் வரவில்லை. பின் பிரேக்கிலேயே வண்டியை ஓரம் கட்டினேன். கழற்றிப் பார்த்தால், அந்த ரப்பர் துண்டு வெயிலில் குழைந்து மாவாகியிருந்தது. குழாயின் குரோமில் விரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு வளையம். கிளாம்ப் அன்று மட்டும் சுழலவில்லை, பல நாளாகச் சிறிது சிறிதாகச் சுழன்றுகொண்டே இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். வெர்னியர் வைத்துக் குழாயை அளக்காமல் கிளாம்ப் வாங்குவதில்லை. அளவு பொருந்தாவிட்டால் லேத் பட்டறையில் உள்விட்டம் 22, வெளிவிட்டம் 25 என்று அலுமினியத்தில் ஒரு புஷ் கடைந்து, நீளவாக்கில் ஒரு பக்கம் அறுத்து, அதைப் போட்டுத்தான் இறுக்குவேன். இரண்டாவது, இறுக்கியதும் நட்டு, கிளாம்ப், குழாய் மூன்றின் மேலும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு. கோடு நேராக இருந்தால் ஒன்றும் நகரவில்லை. உடைந்திருந்தால் அன்றைக்கே ஸ்பேனரை எடுங்கள். காலையில் சாவி போடும்போது ஒரு பார்வை போதும்.

நான்கு இடத்தில் பிடித்திருக்கிற ஃபேரிங்கை வாங்குங்கள். ஹேண்டிலில் இரண்டு, கீழே ஃபோர்க் காலிலோ ஹெட்லைட் காதிலோ இரண்டு. மேலே மட்டும் பிடித்தால் அது கொடியில் காயும் துணி.

ஆடி மாதத்தில் வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்கு தினமும் வேலைக்குப் போகிறேன். யெஸ்டி ரோட்கிங். விண்ட் ஷீல்டு மாட்டினால் எங்கள் காற்றுக்குத் தாங்குமா?
— வாசகர், வள்ளியூர்

உங்கள் காற்றுக்கு ஆயிரக்கணக்கான காற்றாலைகளே சுழல்கின்றன. ஒரு கண்ணாடித் தகடு என்ன செய்யும்!

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, இடைவெளி கிடைக்கிற இடத்தில் எல்லாம் பீறிட்டு வரும். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி மூன்றும் அப்படிப்பட்ட வாசல்கள். முப்பந்தலில் காற்றாலைக் காடு வளர்ந்ததும் அதனால்தான். காவல்கிணறு வரை தெற்கே போகிற நீங்கள் வலப்பக்கத் தோளில் காற்றை வாங்குகிறீர்கள். அங்கே நாகர்கோவில் சாலைக்குத் திரும்பியதும் அதே காற்று நேர் முகத்தில். ஒரே பயணத்தில் ஃபேரிங்குக்கு இரண்டு பரீட்சை.

முகத்தில் வருகிற காற்றுக்கு ஃபேரிங் நண்பன். பக்கத்தில் வருகிற காற்றுக்கு அதுவே ஒரு பாய்மரம். பிரேமில் கட்டியிருந்தால் காற்று வண்டியைத் தள்ளும். ஹேண்டிலில் கட்டியிருப்பதால் காற்று ஹேண்டிலையே பிடித்துத் திருப்பப் பார்க்கும். நீங்கள் கேட்காமலே வண்டி திசை மாறும். லாரியை முந்தும்போது இது மிக மோசம். லாரியின் மறைவில் இருக்கிறவரை காற்றே இல்லை. அதன் மூக்கைத் தாண்டிய நொடியில் முழு வீச்சும் வந்து விழும். பாலத்தின் கைப்பிடிச் சுவர் முடிகிற இடத்திலும், வரிசையாக இருந்த கட்டடங்கள் சட்டென்று தீர்கிற இடத்திலும் இதே கதை.

அதனால் உங்களுக்கு என் பதில்: அகலமான விண்ட் ஷீல்டு வேண்டாம். அகலம் உங்கள் இரண்டு தோளைத் தாண்டவே கூடாது. தோளுக்கு ஒரு சாண் உள்ளே இருந்தால் இன்னும் நல்லது. கையால் திருகிக் கழற்றுகிற மாதிரி நட்டு போட்ட சின்ன ஃபேரிங் வாங்குங்கள். ஆனி பாதியிலிருந்து ஆவணி வரை கழற்றி வீட்டில் வையுங்கள். மற்ற மாதங்களில் அது உங்களுக்கு உழைக்கட்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் உங்கள் பக்கத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

கழற்ற மனமில்லை என்றால் 50-க்கு மேல் போகாதீர்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறுக்கினால் உங்கள் உடம்பு வாங்குகிற காற்றும் கை வழியாக ஹேண்டிலுக்கே போய்ச் சேரும்.

அப்பாவின் யெஸ்டியை இப்போது நான் ஓட்டுகிறேன், சார். அவர் மாட்டியிருந்த விண்ட் ஷீல்டு அவருக்கு அருமையாக இருந்ததாம். எனக்கோ ஹெல்மெட் படபடவென்று ஆடி, ஒரு மணி நேரத்தில் தலைவலி. அவர் உயரம் 5 அடி 10 அங்குலம், நான் 5 அடி 2.
— வாசகி, கோயம்புத்தூர்

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள் அம்மா: எட்டு அங்குலம். கண்ணாடி என்பது சட்டை மாதிரி. அப்பாவின் அளவு மகளுக்குப் பொருந்தாது.

கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டுகிற காற்று நேரே போவதில்லை. கொஞ்சம் எழும்பி, சுழன்று, பின்னால் வருகிறது. அந்தச் சுழல் தலைக்கு மேல் போனால் அமைதி. நெஞ்சில் விழுந்தாலும் பரவாயில்லை. ஹெல்மெட்டில் விழுந்தால்தான் படபடப்பு, இரைச்சல், தலைவலி. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டிவிடும். தவறான உயரத்தில் கண்ணாடி வைத்தால் அது இன்னும் ஏறும். அப்பாவுக்கு அந்தச் சுழல் நெஞ்சில் விழுந்தது. உங்களுக்கு சரியாக ஹெல்மெட்டில் விழுகிறது.

வெறிச்சோடிய நேர்சாலையில் 50-ல் போகும்போது இரண்டு மூன்று அங்குலம் குனிந்து பாருங்கள். படபடப்பு நின்றால் உங்களுக்குக் கண்ணாடி அந்த அளவு உயரமாக வேண்டும். மாறாக, முதுகை நீட்டி நிமிரும்போது அமைதியானால் கண்ணாடியைக் குறைக்க வேண்டும். உடனே அறுக்க ரம்பத்தைத் தூக்காதீர்கள். முதலில் கோணத்தை மாற்றுங்கள். மேல் விளிம்பை ஒரு விரல்கடை உங்கள் பக்கம் சாய்த்தாலே சுழல் இடம் மாறும். அடுத்து, கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். காற்றைத் தடுக்க வந்த இடத்தில் காற்றை உள்ளே விடுவதா என்று தோன்றும். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் உண்டாகிற வெற்றிடம்தான் சுழலை உள்ளே இழுக்கிறது. அடியிலிருந்து கொஞ்சம் காற்று வந்து அதை நிரப்பினால் இழுப்பு குறையும்.

எத்தனை மாற்றினாலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: உங்கள் பார்வை கண்ணாடிக்கு மேலாகப் போக வேண்டும், ஊடாகப் போகக் கூடாது. மேல் விளிம்பு உங்கள் மூக்கின் மட்டத்தில் நிற்கட்டும். மழையிலும், எதிர் வெளிச்சத்திலும், ஈசல் அடித்த மாலையிலும் ஊடாகப் பார்க்க வேண்டி வந்தால் பாதை தெரியாது. புதுக்கண்ணாடி வெட்டுவதற்கு முன் கெட்டி அட்டையில் வெட்டி, வண்டியில் நிற்கவைத்து, சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஓட்ட வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

அப்பாவின் கண்ணாடியைப் பத்திரமாக வையுங்கள். அவர் ஓட்ட ஆசைப்படும் நாளில் மாற்றிக் கொடுக்கலாம், நான்கு நட்டுதானே.

கருப்புக் கண்ணாடி போட்டால் கம்பீரமாக இருக்குமே?
— வாசகர், சேலம்

பகல் 12 மணிக்கு இருக்கும். இரவு 7 மணிக்கு எதிரே மாட்டு வண்டி வரும்போது இருக்காது. வேண்டாம்.

அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டில் எது? பாதிக்குப் பாதி விலை வித்தியாசம்.
— வாசகர், திண்டுக்கல்

பாலிகார்பனேட். அக்ரிலிக் பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும், கீறலும் குறைவு. ஆனால் உடைந்தால் கத்தி மாதிரி சில்லுகளாக உடையும். அது நிற்பது உங்கள் கழுத்துக்கு நேரே. பாலிகார்பனேட் வளையும், எளிதில் உடையாது.

அதற்குச் சில நோய்கள் உண்டு. பெட்ரோல் பட்டால் வெளுத்து நூல் நூலாக வெடிக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் அப்படியே. போல்ட் கழலாமல் இருக்கப் போடும் பசையும் அதைத் தின்னும். பசைக்குப் பதில் நைலாக் நட்டு போடுங்கள். துடைக்க வெறும் தண்ணீரும் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளியும். காய்ந்த துணியால் தூசியோடு தேய்த்தீர்களோ, ஒவ்வொரு தேய்ப்பும் ஒரு கீறல்.

துளை போடும்போது போல்ட்டை விட ஒன்றரை மில்லிமீட்டர் பெரிதாகப் போடுங்கள். அரை மீட்டர் பாலிகார்பனேட் தகடு காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் நடுவில் சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லாவிட்டால் துளையிலிருந்தே விரிசல் ஓடும். இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர், ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். பலத்தைக் காட்ட வேண்டிய இடம் இது இல்லை.

ஃபேரிங் மாட்டிய பிறகு யூ-டர்ன் எடுத்தால் ஆக்சிலரேட்டர் தானாக ஏறுகிறது. பயமாக இருக்கிறது.
— வாசகர், கடலூர்

பயம் நியாயமானது. சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

ஃபேரிங்கின் தாங்கு கம்பியில் ஆக்சிலரேட்டர் கேபிள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது கேபிளுக்கு நீளம் போதாமல் இழுபடுகிறது. வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ஹேண்டிலை லாக் வரை இடது, லாக் வரை வலது என்று மெதுவாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் இம்மியும் மாறக் கூடாது. மாறுகிற இடத்தில் நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் எங்கே இழுபடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். கேபிளை ஃபேரிங்குக்குப் பின்பக்கமாக, பழைய வழியிலேயே விடுங்கள். கிளட்ச் கேபிள், முன் பிரேக், ஹெட்லைட் வயர் எல்லாவற்றுக்கும் இதே சோதனை. ஃபேரிங்கின் ஓரம் டேங்கில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்; ஒரு விரல் நுழைய வேண்டும்.

மாட்டினால் சட்டப்படி குற்றமா?
— வாசகர், செங்கல்பட்டு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதனால் பிரேமை அறுப்பது, வெல்டு வைப்பது இந்தப் பேச்சுக்கே வரக் கூடாது. போல்ட்டில் மாட்டி, போல்ட்டைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும். ஹெட்லைட்டையோ இண்டிகேட்டரையோ முன் நம்பர் பிளேட்டையோ எதுவும் மறைக்கக் கூடாது. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது மாட்டியதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். மாட்டுவதற்கு முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

ஊட்டியில் காலை 5 மணிக்குப் பால் எடுத்துப் போகிறேன். பழைய ஸ்பிளெண்டர். வேகம் 40-ஐத் தாண்டாது. எனக்கெல்லாம் ஃபேரிங் எதற்கு என்கிறார்கள் நண்பர்கள்.
— வாசகர், உதகமண்டலம்

நண்பர்கள் 5 மணிக்குப் போர்வைக்குள் இருக்கிறார்கள். உங்களுக்குத்தான் மற்ற எல்லோரையும்விட அதிகம் தேவை.

10 டிகிரி குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது 6 டிகிரி மாதிரி. விரல் மரத்தால் கிளட்சும் பிரேக்கும் தாமதமாகும். மலைச்சாலையில் அந்தத் தாமதம் ஒரு வளைவு. வேகம் குறைவு என்பதால் அலம்பல் கவலையும் உங்களுக்குக் குறைவு. ஸ்பிளெண்டரின் ஹெட்லைட்டுக்கு மேல் ஏற்கெனவே ஒரு குட்டி வைசர் இருக்கிறது. அதற்கு மேல் நெஞ்சு உயரத்துக்கு லேசான ஒரு கண்ணாடி, ஹேண்டில் இரண்டு பக்கமும் கைக்கவசம். கண்ணாடியைவிடக் கைக்கவசத்தை முதலில் வாங்குங்கள். கேன் தொங்குகிற வண்டி என்பதால் பின்பக்கக் கனம் முன் சக்கரத்தை லேசாக்கும். கேன் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும்.

கால் பக்கத்தையும் மூடிவிட்டால் மழைக்கு ஆகுமே?
— வாசகர், நாகப்பட்டினம்

மழைக்கு ஆகும், எஞ்சினுக்கு ஆகாது. பழைய வண்டிகளின் எஞ்சின் காற்றில் குளிர்வது. சிலிண்டருக்கு முன்னால் எதையும் வைக்காதீர்கள். மேலே மட்டும் மூடுங்கள், காலுக்கு மழைக்கோட்டு.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. முதல் நாள் எப்படி ஓட்டுவது?
— வாசகர், திருவண்ணாமலை

தனியாக. பின்னால் யாரையும் ஏற்றாமல், காற்று அடங்கிய காலை 6 மணிக்கு, தெரிந்த சாலையில்.

முதல் 5 கிலோமீட்டர் 40-ல். ஒரு கையை எடுத்துப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம். இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கட்டும், பிடி மட்டும் தளர்வாக. பிறகு 50, பிறகு 60. ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு நிமிடமாவது நில்லுங்கள். எதிரே பஸ் வருகிறபோது ஹேண்டில் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். லேசாகச் சிலிர்த்து அடங்கினால் சரி. சிலிர்ப்பு அடங்காமல் வளர்ந்தால் அதற்கு மேல் அந்த வண்டிக்கு வேகம் இல்லை, திரும்பிவிடுங்கள். 20 கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் நிறுத்துங்கள். டீ வருவதற்குள் ஒவ்வொரு நட்டையும் விரலால் தொட்டு, நெயில் பாலிஷ் கோடுகளைப் பாருங்கள். 50 கிலோமீட்டரில் இன்னொரு முறை, வீடு திரும்பியதும் இன்னொரு முறை. ரப்பர் வாஷர்கள் முதல் நாளில் அமுங்கி உட்காரும். அரைச் சுற்று இறுக்க வேண்டி வரும்.

அங்கே கிரிவலப் பாதையில் சோதனை ஓட்டம் வைத்துக்கொள்ளாதீர்கள். நடப்பவர்களுக்கான பாதை அது. ஊருக்கு வெளியே நேராகவும் அகலமாகவும் கிடக்கிற சாலையைப் பாருங்கள்.